மாஸ்க் போட்டால் மூச்சு முட்டுகிறது, கழற்றினால் திட்டு விழுகிறது

கேள்வி:

டாக்டர் அம்மா, என் வயசு 43. பல்லடம் பக்கம் ஒரு ஓஇ (ஓப்பன் எண்ட்) நூல் மில்லில் மிக்சிங்கில் ஒன்பது வருசமாக வேலை செய்கிறேன். பேல் பிரித்து, பனியன் கட்டிங் வேஸ்ட்டையும் மற்ற மில்களிலிருந்து வரும் பஞ்சு வேஸ்ட்டையும் கலந்து மெஷினுக்குள் தள்ள வேண்டும்.

போன வருசம் வரைக்கும் துண்டைத்தான் மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வேலை பார்த்தோம். வெளிநாட்டுக் கம்பெனிக்காக ஆடிட் வந்து போனதிலிருந்து எல்லோருக்கும் கெட்டியான வெள்ளை மாஸ்க் கொடுத்து, வேலை நேரம் முழுக்கக் கழற்றக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்குப் போட்டு ராத்திரி எட்டரை வரைக்கும் அதோடுதானுங்க. டீக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் கழற்றலாம்.

ஒரு மணி நேரத்திலேயே மூச்சு முட்டுகிறது. வேர்த்து ஊற்றி, மாஸ்க் நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொள்கிறது. மத்தியானத்துக்கு மேல் பின்மண்டை வலி. மூக்குத்தி இருக்கிற இடம் புண்ணாகிவிட்டது. கொஞ்சம் கீழே இறக்கிவிட்டால் சூப்பர்வைசர் திட்டுகிறார். “நானுந்தானே போட்டிருக்கேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே, நீ மட்டும் ஏன் சீன் போடறே” என்கிறார். வாரத்துக்கு ஒரு மாஸ்க்தான். இன்னொன்று கேட்டால் சம்பளத்தில் பிடிப்போம் என்கிறார்கள்.

நாம் விட்ட மூச்சையே திரும்ப இழுத்தால் ஆக்சிஜன் குறைந்து நுரையீரல் கெட்டுவிடும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். நிஜமா? ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனால் மட்டும் சாயங்காலம் நெஞ்சு இறுக்கிப் பிடிக்கும். அது மாஸ்க் வருவதற்கு முன்னாலேயே இருந்ததுதான். பேசாமல் பழையபடி துண்டே கட்டிக்கொள்ளலாமா?

இன்னொன்றுங்க. என் மகள் திருப்பூரில் ஒரு கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறாள். கறை எடுக்கும் திரவத்தை ஸ்பாட் கன்னால் அடிக்கிறாள். நெடி தாங்கவில்லை என்று என் மாஸ்க்கில் ஒன்று கேட்கிறாள். கொடுக்கலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பல்லடம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

நீங்கள் சீன் போடவில்லை. மாஸ்க் மூச்சுக்குப் பாரம்தான். அதை இல்லை என்று சொல்கிறவர்கள் அதை மாட்டிக்கொண்டு ஒரு நாள் பேல் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆனால் திங்கட்கிழமை நெஞ்சு இறுக்கம் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, கடிதத்தில் மற்ற எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது அதுதான். மாஸ்க்கைப் பற்றிச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு ஆறு முதல் எட்டு லிட்டர் காற்றை இழுக்கிறார். பேலைப் புரட்டி, பஞ்சை வாரிப் போடும் உடம்புக்கு 30 லிட்டர், சமயத்தில் அதற்கு மேலும் வேண்டும். மாஸ்க்கின் வடிகட்டி எல்லோருடைய மூச்சையும் ஒரே அளவில் தடுப்பதில்லை. எவ்வளவு வேகமாக இழுக்கிறோமோ அவ்வளவு தடுக்கும். நின்று பார்த்துக்கொண்டிருக்கும் சூப்பர்வைசருக்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணம் இதுதான். அவர் பொய் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே மாஸ்க், ஆனால் வேலை வேறு, மூச்சு வேறு.

தூசியை வடிகட்டும் என்-95 மாஸ்க்குக்கு அமெரிக்காவில் சான்று தருவதற்கு முன், நிமிடத்துக்கு 85 லிட்டர் வேகத்தில் அதன் வழியே காற்றை இழுத்துப் பார்ப்பார்கள். தடை 35 மில்லிமீட்டர் நீரழுத்தத்தைத் தாண்டக் கூடாது. அந்தச் சோதனை நடப்பது புத்தம்புது மாஸ்க்கில். திங்கட்கிழமை கொடுத்த மாஸ்க், வியாழக்கிழமை மத்தியானம் பஞ்சுத் தூசியும் வேர்வையும் ஏறிப் போன பிறகு எவ்வளவு தடுக்கும் என்று எந்த மில்லிலும் யாரும் அளப்பதில்லை. அது உங்கள் நெஞ்சுக்கு மட்டும்தான் தெரிகிறது. வாரத்துக்கு ஒரு மாஸ்க் என்பது உங்கள் வேலைக்குப் பொருந்தவே பொருந்தாத கணக்கு.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னதில் பாதி சரி. மாஸ்க்குக்கும் முகத்துக்கும் இடையில் நாம் விட்ட மூச்சில் கொஞ்சம் தங்கி, அடுத்த மூச்சோடு திரும்ப உள்ளே போகிறது. அந்த இடைவெளியில் கார்பன் டை ஆக்சைடு இரண்டு, மூன்று சதவீதம் வரை அளந்திருக்கிறார்கள். வெளிக்காற்றில் அது சுமார் 0.04 சதவீதம். ஆனால் அதற்குப் பின்னாலேயே நிறைய புதுக்காற்றும் போவதால் நுரையீரலுக்குள் நிலைமை அவ்வளவு மோசமில்லை. அமெரிக்க அரசின் தொழில்சார் நலவாழ்வு ஆய்வு நிறுவனமான நியோஷ் 2010இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. ஆரோக்கியமான பத்து மருத்துவமனைப் பணியாளர்கள் என்-95 மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் ட்ரெட்மில்லில் நடந்தார்கள். இதயத் துடிப்போ ரத்தத்தின் ஆக்சிஜனோ பெரிதாக மாறவில்லை. ஆகவே நல்ல உடம்பு இருக்கிறவரின் நுரையீரலை மாஸ்க் கெடுத்துவிடாது. அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள்.

அதே ஆய்வைக் காட்டி “மாஸ்க்கால் ஒரு கஷ்டமும் இல்லை” என்று யாராவது உங்களிடம் சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். அங்கே நடந்தது மெதுவான நடை, ஒரே ஒரு மணி நேரம், நோயில்லாத உடம்பு. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்யும் பெண்ணைப் பற்றி அது எதுவுமே சொல்லவில்லை. முகத்தில் குளிர்ந்த காற்று படும்போது மூச்சுத் திணறல் உணர்வு தணியும். நுரையீரல் நோயாளிகளுக்கு முகத்துக்கு நேரே சின்ன ஃபேன் வைக்கச் சொல்வது இதனால்தான். மாஸ்க் அந்தக் காற்றை மறித்து, சூடான ஈரக்காற்றை மூக்கு வாயைச் சுற்றி நிறுத்திவைக்கிறது. அதுவும் மில்லுக்குள் ஈரப்பதத்தைக் கூட்டி வைத்திருக்கிற இடமென்றால் வேர்வை காய வழியே இல்லை. ஆக்சிஜன் குறையாமலேயே மூச்சு முட்டுவது இப்படித்தான். அது மனப்பிரமை இல்லை. உடம்பு நிஜமாகவே திணறுகிறது.

தலைவலிக்கு வருவோம். 2003இல் சார்ஸ் பரவியபோது சிங்கப்பூரில் என்-95 அணிந்த மருத்துவமனைப் பணியாளர்களில் 212 பேரிடம் கேட்டதில், ஏறக்குறைய 37 சதவீதம் பேர் தலைவலி வந்ததாகச் சொன்னார்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து போட்டவர்களுக்கு அது அதிகம். ரப்பர் பட்டி பின்மண்டையை இறுக்குவது ஒரு காரணம். உங்கள் விஷயத்தில் எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. தண்ணீர் குடிக்க மாஸ்க்கைக் கழற்ற வேண்டும், கழற்றினால் திட்டு. குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், அதற்கும் கேட்டுக்கொண்டு போக வேண்டும். இந்தப் பக்கம் மில்லிலும் பனியன் கம்பெனியிலும் வேலை பார்க்கும் பெண்களில் பலர் காலையிலிருந்து தண்ணீரையே குறைத்துக்கொள்கிறார்கள். மாஸ்க் வந்தபின் அது இன்னும் குறைகிறது. நீங்கள் ஒரு ஷிப்டில் எத்தனை தடவை சிறுநீர் கழிக்கிறீர்கள், அது அடர்மஞ்சளாக இருக்கிறதா என்று இரண்டு நாள் கவனியுங்கள். தலைவலிக்கான விடை பெரும்பாலும் அங்கே கிடைக்கும்.

இப்போது நான் சொல்லப்போவதை உங்கள் மில் மேனேஜருக்கும் படித்துக் காட்டுங்கள். ஜெர்மனியில் தொழில் விபத்துக் காப்பீட்டு அமைப்பு, மூச்சுப் பாதுகாப்புக் கருவிகளுக்கென்று ஒரு வழிகாட்டு விதி வைத்திருக்கிறது. இந்த வகை மாஸ்க்கில் மூச்சை வெளியேற்றும் வால்வு இருந்தால் தொடர்ந்து 120 நிமிடம் அணியலாம். பிறகு 30 நிமிடம் மாஸ்க் இல்லாமல் இருக்க வேண்டும். வால்வு இல்லாவிட்டால் 75 நிமிடம், பிறகு அதே 30 நிமிடம். அந்த அரை மணி நேரமும் சும்மா உட்கார வேண்டும் என்பதில்லை, தூசி இல்லாத இடத்தில் லேசான வேலை செய்யலாம். வேலை கடினமானால், வெக்கை அதிகமானால் அணியும் நேரத்தை இன்னும் குறைக்கச் சொல்கிறது அந்த விதி. திருப்பூர் பனியனை வாங்கி உடுத்துகிற நாடு அது. தன் ஊர்த் தொழிலாளியின் மூச்சுக்கு அவர்கள் வைத்திருக்கும் கணக்கு, பல்லடத்துத் தொழிலாளியின் மூச்சுக்கும் பொருந்தும். 2023 ஜனவரியிலிருந்து ஜெர்மனியின் பெரிய நிறுவனங்கள், தங்களுக்குச் சரக்கு வரும் வழியில் உள்ள தொழிலாளர்களின் பாதுகாப்பையும் கவனிக்க வேண்டும் என்று அங்கே சட்டமே இருக்கிறது. அடுத்த ஆடிட்டர் வந்து “மாஸ்க் கொடுக்கிறார்களா” என்று கேட்டால், “கொடுக்கிறார்கள், எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை கழற்ற விடுகிறார்கள் என்றும் கேளுங்கள்” என்று சொல்லுங்கள்.

இனி அந்தத் திங்கட்கிழமை.

மாஸ்க்கால் வரும் மூச்சு முட்டல், அதைக் கழற்றி நல்ல காற்றில் நின்றால் சில நிமிடங்களில் போய்விடும். வீட்டுக்கு வந்தபின்னும் போகாமல் இருப்பது, ராத்திரி இருமலாகத் தொடர்வது, ஒரு நாள் லீவுக்குப் பின் வேலைக்குப் போகும் முதல் நாளில் மட்டும் கூடுவது, இதெல்லாம் மாஸ்க்கின் வேலை இல்லை. பஞ்சுத் தூசியின் வேலை. இந்த நோய்க்குப் பிசினோசிஸ் என்று பெயர். பருத்திச் செடியின் இலை, தண்டுத் துணுக்குகளில் இருக்கும் பாக்டீரியாவின் நச்சு, தூசியோடு மூச்சுக்குழாய்க்குள் போய் அதைச் சுருங்க வைக்கிறது. நடு வாரத்தில் உடம்பு கொஞ்சம் பழகிக்கொள்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வில் அந்தப் பழக்கம் விட்டுப்போக, திங்கட்கிழமை மறுபடி முதலிலிருந்து. தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்குப் போய்வந்த மறுநாள் இன்னும் மோசமாக இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள்.

இங்கிலாந்தின் லங்காஷயர் மில்களில் 1950களில் ரிச்சர்ட் ஷில்லிங் என்ற மருத்துவர் இந்த நோயைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டினார். எப்போதாவது ஒரு திங்கட்கிழமை இறுக்கம் வந்தால் ஆரம்பம். எல்லாத் திங்கட்கிழமையும் வந்தால் முதல் நிலை. செவ்வாய், புதனுக்கும் நீண்டால் இரண்டாம் நிலை. அதற்கு மேல் போனால் நுரையீரலின் கொள்திறன் நிரந்தரமாகக் குறைந்துவிடும். பிறகு வேலையை விட்டாலும் திரும்பாது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் முதல் நிலையில் இருக்க வாய்ப்பு உண்டு. இது மீள முடிகிற கட்டம். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன்.

நம் நாட்டு மில்களில் இந்த நோய் அதிகம் இல்லை என்றுதான் ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அகமதாபாத்தில் மூன்று மில்களின் நூற்புப் பிரிவுத் தொழிலாளர்களை ஆராய்ந்து 1989இல் வெளியான முடிவு அதை மாற்றியது. பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோரூமில் நூற்றுக்குச் சுமார் 30 பேர், அதைச் சிக்கெடுக்கும் கார்டிங்கில் சுமார் 38 பேர் பிசினோசிஸ் உள்ளவர்கள். தேடிப் பார்க்காதவரைக்கும் அது கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

ஒரு விஷயம் உங்களிடமிருந்து எனக்குத் தெரிய வேண்டும். நீங்கள் கலக்குவதில் கட்டிங் வேஸ்ட் எவ்வளவு, மில் வேஸ்ட் எவ்வளவு? வெளுத்து, சாயம் போட்டு, பல தடவை அலசிய பனியன் துணியில் அந்த பாக்டீரியா நச்சு குறைவு. தூசி தூசிதான், இருமல் வரும், ஆனால் திங்கட்கிழமை இறுக்கம் அவ்வளவாக வராது. கார்டிங்கிலிருந்தும் ப்ளோரூமிலிருந்தும் கழித்துப் போட்ட பச்சைப் பஞ்சு வேஸ்ட்டில் இலைத்தூள் நிறைய இருக்கும். எந்த பேல் பிரிக்கும் நாளில் இறுக்கம் கூடுகிறது என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம். பழைய துணியிலிருந்து புது நூல் எடுப்பதை ஊர் உலகமெல்லாம் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று பாராட்டுகிறது, நல்லதுதான். அந்த நூலின் முதல் தூசி மிக்சிங்கில் நிற்பவர்களின் மூக்குக்குள் போகிறது என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனை. இதைச் செய்ய நல்ல நாள் திங்கட்கிழமை: வேலைக்குப் போகும் முன் ஒரு தடவை, வேலை தொடங்கி நான்கு மணி நேரமாவது ஆனபின் ஒரு தடவை. அமெரிக்காவில் பஞ்சுத் தூசிக்கென்று 1978இல் வந்த விதியும் வாரத்தின் முதல் வேலை நாளில் இப்படித்தான் இரண்டு தடவை எடுக்கச் சொல்கிறது. முதல் விநாடியில் ஊதும் காற்று சாயங்காலத்துக்குள் 5 சதவீதமோ 200 மில்லி லிட்டரோ குறைந்தால் அந்தத் தொழிலாளியை ஆறு மாதத்துக்கு ஒரு முறை கவனிக்க வேண்டும் என்கிறது. உங்களுக்கு இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் திருப்பூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் காட்டிக் கேளுங்கள். அங்கிருந்து கோவை சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் அனுப்பச் சொல்லலாம். மிக்சிங்கில் வேலை, திங்கட்கிழமை இறுக்கம், ஒன்பது வருடம் என்ற மூன்றையும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் சளி, அலர்ஜி என்று எழுதி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட வாய்ப்பு அதிகம்.

திங்கட்கிழமை லீவு போட்டு அலைய முடியாதென்றால், மருந்துக்கடையில் பீக் ஃப்ளோ மீட்டர் கேளுங்கள். சில நூறு ரூபாயில் கிடைக்கும் பிளாஸ்டிக் குழாய்தான். காலையில், மத்தியானம், வேலை முடிந்ததும், படுக்கும் முன் என்று மூன்று வாரம், ஞாயிற்றுக்கிழமையும் விடாமல், ஒவ்வொரு தடவையும் மூன்று முறை ஊதி உயர்ந்த எண்ணை ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டு எந்த மருத்துவரையும் உட்கார்ந்து யோசிக்க வைக்கும்.

கூடவே ரத்தத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கும் மேல் ரத்தசோகை இருக்கிறது. ரத்தம் குறைந்த உடம்பு சாதாரண வேலைக்கே அதிகம் மூச்சு வாங்கும். மாஸ்க் போட்டால் கேட்க வேண்டாம். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் சளிப் பரிசோதனை கட்டாயம். வீட்டில் வெந்நீர் அடுப்பில் பனியன் வேஸ்ட்டைப் போட்டு எரிக்கிறீர்களா? இங்கே பல வீடுகளில் நடப்பதால் கேட்கிறேன். சாயமும் பாலியஸ்டரும் எரியும் புகை அது. அதை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

பழையபடி துண்டு கட்டலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். துண்டு கண்ணுக்குத் தெரியும் பஞ்சை நிறுத்தும். நெஞ்சைப் பிடிக்கிற தூசி கண்ணுக்குத் தெரியாது. அது துணி இழைகளுக்கு நடுவிலும் கன்னத்து ஓரத்திலும் புகுந்து போய்விடும். துண்டில் மூச்சு சுலபமாக இருப்பதற்குக் காரணமே காற்று ஓரத்தில் கசிந்து வருவதுதான்.

நல்ல மாஸ்க்காகக் கேட்டு வாங்குங்கள். ஐஎஸ் 9473 என்ற இந்தியத் தர எண், எஃப்எஃப்பி2 என்ற குறி, முன்னால் ஒரு வால்வு, காதில் மாட்டும் கயிறு இல்லாமல் தலைக்குப் பின்னால் போகும் இரண்டு பட்டி, இவை இருக்க வேண்டும். கொரோனா காலத்தில் வால்வு வைத்த மாஸ்க் கூடாது என்றார்கள். அது நம் மூச்சிலிருந்து அடுத்தவருக்குக் கிருமி போகாமல் இருக்க. தூசிக்கு வால்வு நல்லது, உள்ளே சூடும் ஈரமும் குறையும். மேல் பட்டி உச்சிக்குக் கீழே, கீழ்ப்பட்டி கழுத்துக்குப் பின்னால், கொண்டைக்கு அடியில், முடிக்கு உள்ளே போக வேண்டும். இரண்டையும் கொண்டைக்கு மேல் ஏற்றிப் போட்டால் பின்மண்டையில்தான் எல்லா இறுக்கமும் விழும். உங்கள் வலி அங்கேதான் என்று எழுதியிருக்கிறீர்கள். மூக்குக் கம்பியை ஒற்றை விரலால் கிள்ளாமல் இரண்டு கை விரலாலும் மூக்கை ஒட்டி அழுத்துங்கள். மாட்டியபின் பலமாக மூச்சை இழுத்துப் பாருங்கள். கண்ணுக்குக் கீழே காற்று உள்ளே புகுந்தால் சரியாகப் பொருந்தவில்லை. இந்த மாஸ்க்குகளில் பல ஆண்களின் முக அளவுக்கு வருகிறவை. சிறிய அளவு கேளுங்கள், இருக்கிறது. மூக்குத்தியை வேலை நேரத்தில் மட்டுமாவது கழற்றி வைக்க மனம் ஒப்பினால் புண் ஆறும், ஓரக் கசிவும் நிற்கும். ஒப்பாவிட்டால் தட்டையான, சிறிய ஒற்றைக்கல் மூக்குத்திக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

நனைந்தால் மாற்று, மூச்சு இழுக்க முன்னைவிடச் சிரமமாக இருந்தால் மாற்று. உங்கள் வேலைக்கு ஒரு நாளைக்கு ஒன்றாவது தேவைப்படும். துவைத்துக் காயவைத்துப் போடக் கூடாது, வடிகட்டும் திறன் போய்விடும். இதற்குச் சம்பளத்தில் பிடிப்பது சட்டப்படி தவறு. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 114ஆவது பிரிவு அதைத் தடுத்தது. அதற்குப் பதிலாக வந்த 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் பாதுகாப்புக்காகச் செய்யும் எதற்கும் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்கிறது.

சகோதரி, மாஸ்க் கடைசிக் காவல்தான். தூசியைப் பிடிப்பது மில்லின் வேலை. அந்த வேலையை மில் செய்யாதபோது அது முழுக்கத் தொழிலாளியின் நெஞ்சுக்கு மாறுகிறது. மூச்சை இழுத்து இழுத்து அந்தத் தூசியை வடிகட்டுகிறவர் நீங்கள். 1948 சட்டத்தின் 14ஆவது பிரிவு தூசியை உறிஞ்சும் கருவி, தூசி கிளம்பும் இடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் இருக்க வேண்டும், அந்த இடத்தை முடிந்தவரை மூடி வைக்க வேண்டும் என்று சொன்னது. உங்கள் மிக்சிங்கில் பேல் பிரிக்கும் இடத்துக்கு மேல் உறிஞ்சும் கூண்டு இருக்கிறதா? பெரும்பாலான சின்ன மில்களில் சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனோடு முடித்துவிடுகிறார்கள். அது தூசியை உங்கள் முகத்தைத் தாண்டித்தான் வெளியே இழுக்கிறது.

செலவே இல்லாமல் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: ஏர் அடிக்கும் முறையை மாற்றுவது. ஷிப்ட் முடிந்ததும் மெஷின் மேலும் தரையிலும், பிறகு தலைமுடியிலும் சேலையிலும் ஏர் பைப்பை வைத்து அடிப்பீர்கள். மாஸ்க்கைக் கழற்றிய பிறகு அடிக்கிற அந்தக் காற்றில், படிந்து கிடந்த நுண்தூசி எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பி மூக்கு உயரத்தில் நிற்கிறது. நாள் முழுக்க மாஸ்க் போட்டுத் தடுத்ததில் ஒரு பங்கு அந்தச் சில நிமிடங்களில் உள்ளே போய்விடும். தரைக்கும் மெஷினுக்கும் வேக்குவம் வைத்து இழுக்க வேண்டும். அது வரும்வரை, ஏர் அடிக்கும் நேரத்தில் கட்டாயம் மாஸ்க் இருக்கட்டும், மற்றவர்கள் வெளியே போகட்டும். உடம்பில் அடிக்கவே வேண்டாம். வேலைக்கென்று ஒரு சட்டையை மேலே போட்டுக்கொண்டு அங்கேயே கழற்றி உதறாமல் சுருட்டி வையுங்கள்.

இதையெல்லாம் தனியாகப் போய்க் கேட்காதீர்கள். மிக்சிங்கில் உங்களோடு இருப்பவர்களும் ப்ளோரூம் ஆட்களும் சேர்ந்து, மாஸ்க் நாளுக்கு ஒன்று, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தூசியில்லாத இடத்தில் மாஸ்க் இல்லாமல் அரை மணி நேரம், பக்கத்தில் குடிதண்ணீர், வருடத்துக்கு ஒரு முறை ஊதும் பரிசோதனை என்று எழுதிக் கொடுங்கள். அசையாவிட்டால் பனியன் சங்கத்தையோ மில் தொழிலாளர் சங்கத்தையோ பிடியுங்கள். திருப்பூரில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அலுவலகம் இருக்கிறது, அங்கே மனு கொடுக்கலாம். பிசினோசிஸ் என்று உறுதியானால் அது வேலையால் வந்த நோயாகச் சட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலிலேயே இருக்கிறது; இழப்பீடு உங்கள் உரிமை. அப்படி ஆகும்வரை காத்திருக்காமல், மிக்சிங்கிலிருந்து பேக்கிங், குடோன் மாதிரி தூசி குறைந்த பக்கத்துக்கு மாற்றக் கேளுங்கள். மருத்துவச் சான்று இருந்தால் கேட்பது சுலபம்.

வேலை நடுவில் நெஞ்சுவலி, தலைசுற்றல், வீசிங் சத்தம், கண் இருட்டுவது இவற்றில் எது வந்தாலும் யாரையும் கேட்க வேண்டாம். முதலில் வெளியே நடங்கள், நல்ல காற்றுக்கு வந்தபின் மாஸ்க்கைக் கழற்றுங்கள்.

கடைசியாக மகள். அவளுக்கு உங்கள் மாஸ்க்கைக் கொடுக்காதீர்கள். அது தூசியைத்தான் பிடிக்கும். ஸ்பாட் கன்னிலிருந்து வருவது ஆவி, வடிகட்டி வழியே அப்படியே உள்ளே போகும். போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் இன்னும் பக்கத்தில் குனிந்து அடிப்பாள். தொட்டியில் இறங்கும் இடங்களில் வாயு உயிரையே எடுக்கிறது: 2025 மே மாதம் பல்லடம் பக்கம் கரைப்புதூரில் ஒரு சாய ஆலையின் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியவர்களில் மூன்று பேர் விஷவாயு தாக்கி இறந்துபோனார்கள். வாயுவுக்கு முன்னால் தூசி மாஸ்க் வெறும் துணி. மகளுக்கு வேண்டியது, கறை எடுக்கும் மேசையிலேயே ஆவியை அவள் முகத்துக்கு எதிர்ப்பக்கமாக இழுக்கும் எக்ஸாஸ்ட், கையுறை, அதற்கும் மேல் தேவைப்பட்டால் கரி வடிகட்டி வைத்த ரப்பர் மாஸ்க். அதற்கு முன் அந்தத் திரவம் என்ன என்று தெரிய வேண்டும். டிரைகுளோரோஎத்திலீன் என்றால் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இலேயே முதல் பிரிவில் வைத்துவிட்டது. அதைத் தொடவே வேண்டாம் என்று சொல்வேன். கேனில் ஒட்டியிருக்கும் லேபிளைப் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். லேபிளே இல்லாத கேன் என்றால், கடை பில்லில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்று ஸ்டோர்ஸில் கேட்டு எழுதி வரட்டும்.